தாத்தா பிறந்த ஊரும் நாட்டின் சட்டையும்: தேசிய அணித் தகுதி விதிகள், பகாவ் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் சட்டையை அணிந்து அனைத்துலகத் திடலில் இறங்க யாருக்கு உரிமை உண்டு? ‘அந்நாட்டுக் குடிமக்களுக்கு’ என்று நாம் உடனே பதில் சொல்லிவிடுவோம். ஆனால் ரக்பி அப்படிச் சொல்வதில்லை. காற்பந்தோ அதை மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்வதில்லை. 2025ஆம் ஆண்டில் மலேசியக் காற்பந்தை உலுக்கிய ஏழு ஆட்டக்காரர்களின் விவகாரத்திற்குப் பிறகு, ‘தாத்தா எங்கே பிறந்தார்?’ என்ற கேள்வி கோப்பிக் கடை மேசைவரை வந்துவிட்டது.

இதே கேள்வி, நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்திலுள்ள பகாவில் வேறொரு கனத்தோடு ஒலிக்கிறது. கெமாஸிலிருந்து கிழக்குக் கரை நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் அமைந்த ஊர் இது. கெடிஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்கள் இதனைச் சூழ்ந்தவை. பால்மரக் காலத்தில் கங்காணியின் பின்னால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இங்கு வாழ்கிறார்கள். இவர்களுக்குத் தாத்தா பிறந்த ஊர் என்பது விளையாட்டுக் கேள்வி அன்று. நீல அடையாள அட்டையா, சிவப்பு அட்டையா, அட்டையே இல்லையா என்பதைத் தீர்மானித்த கேள்வி. விளையாட்டின் விதியையும் நாட்டின் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரக்பியின் நான்கு வாசல்கள்

உலக ரக்பி அமைப்பின் 8ஆம் ஒழுங்குவிதி, தேசிய அணிக்குள் நுழைய நான்கு வாசல்களைத் திறந்து வைக்கிறது. ஆட்டக்காரர் அந்நாட்டில் பிறந்திருக்கலாம். அவருடைய தாய் தந்தையரில் ஒருவரோ, தாத்தா பாட்டிகள் நால்வரில் ஒருவரோ அங்குப் பிறந்திருக்கலாம். அவர் தொடர்ந்து 60 மாதங்கள் அந்நாட்டில் வசித்திருக்கலாம். அல்லது விட்டுவிட்டு வசித்த காலமெல்லாம் சேர்ந்து 10 ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இந்நான்கில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்.

இந்தப் பட்டியலில் கடப்பிதழ் என்ற சொல்லே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ரக்பி குடியுரிமையைக் கேட்பதில்லை. பிரிட்டிஷ் தீவுகளின் ஆட்டமாகத் தொடங்கிய ரக்பியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவை தனித்தனி அணிகள். அவற்றின் மக்களுக்கோ கடப்பிதழ் ஒன்றுதான். கடப்பிதழை வைத்து ஸ்காட்லாந்துக்காரரையும் வேல்ஸ்காரரையும் பிரிக்க முடியாது அல்லவா? அங்கே பிறப்பும் வம்சமும் வசிப்பும்தான் பிரிக்கும் கோடுகள்.

வசிப்புக் காலம் முன்பு 36 மாதங்களாகத்தான் இருந்தது. நியூசிலாந்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பியக் கழகங்களுக்கு ஆடப்போனவர்கள் மூன்றே ஆண்டுகளில் அயர்லாந்து வீரராகவும் ஸ்காட்லாந்து வீரராகவும் மாறுவது முணுமுணுப்பைக் கிளப்பியது. 2017இல் ஐந்தாண்டு என்று முடிவெடுத்தார்கள். 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அது நடப்புக்கு வந்தது.

ஒரு நாட்டிற்கு ஆடிவிட்டால் வாழ்நாள் முழுவதும் அந்நாட்டிற்கே என்ற கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு முதல் இருந்தது. அதுவும் 2022இல் தளர்ந்தது. மூன்று ஆண்டுகள் எந்தத் தேசிய அணிக்கும் ஆடாமல் இருந்தவர், தாம் பிறந்த நாட்டிற்கோ, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டிற்கோ ஒருமுறை மாறிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய இஸ்ரேல் ஃபொலாவும் நியூசிலாந்துக்கு ஆடிய சார்லஸ் பியூட்டாவும் தொங்கா அணிக்குத் திரும்பியது இவ்விதியால்தான். பெரிய நாடுகள் தோட்டத்து மரத்தைப் போல் பால் வடித்துக்கொண்ட சிறிய தீவுகளுக்கு இது காலந்தாழ்ந்து கிடைத்த நியாயம் என்பது என் கருத்து.

காற்பந்து: முதலில் குடியுரிமை

அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வேறு வழியில் போகிறது. அந்நாட்டின் நிரந்தரக் குடியுரிமை இருந்தே ஆக வேண்டும். பிறப்பிலேயே அது அமைந்துவிட்டால் சிக்கல் இல்லை. பிற்பாடு பெற்றதாயின், அந்த மண்ணோடு ஒரு தொடர்பும் தேவை. தாம் அங்குப் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்ற தாய் தந்தையரோ தாத்தா பாட்டியோ அங்குப் பிறந்திருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட காலம் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு வந்தவருக்கு அக்காலம் ஐந்து ஆண்டுகள்.

இந்த இரட்டைப் பூட்டு ஆதியில் இல்லை. லூயிஸ் மொந்தி 1930 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஆடினார். 1934 இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு ஆடிக் கிண்ணத்தையும் வென்றார். 2004இல் கத்தார், அந்நாட்டோடு ஒட்டும் உறவும் இல்லாத பிரேசில்காரர்களைப் பணம் கொடுத்துத் தன் குடிமக்களாக்க முயன்றபோதுதான் ஃபிஃபா விழித்துக்கொண்டது. குடியுரிமை மட்டும் போதாது, தொடர்பும் வேண்டும் என்ற விதி அப்போது பிறந்தது. முதலில் இரண்டு ஆண்டு வசிப்பு என்றிருந்தது 2008இல் ஐந்தாண்டானது.

மலேசியா இவ்விதியின் எல்லா வாசல்களையும் பயன்படுத்திய நாடுதான். காம்பியாவில் பிறந்த முகமாடு சுமாரே இங்கு வாழ்ந்து, குடியுரிமை பெற்று, 2018இல் தேசிய அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த பிரெண்டன் கானுக்கும் மேத்தியூ டேவிஸுக்கும் பெற்றோர் வழித் தொடர்பு இருந்தது. பெல்ஜியத்தில் வளர்ந்த டியோன் கூல்ஸ் கூச்சிங்கிலேயே பிறந்தவர். இவற்றில் எவரும் குறை காண இடமில்லை.

இறந்தவர்களின் பத்திரம்

தாத்தா பாட்டி விதியின் பலவீனம் ஒன்றுதான். அது உயிரோடிருக்கும் ஆட்டக்காரரைப் பற்றியதன்று. பெரும்பாலும் மறைந்துவிட்ட ஒருவரின் பிறப்பைப் பற்றியது. சாட்சி சொல்ல அவர் வரமாட்டார். பத்திரம்தான் பேச வேண்டும்.

2000ஆம் ஆண்டில் வேல்ஸ் ரக்பி இதனால் தலைகுனிந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஷேன் ஹோவர்த், பிரெட் சின்கின்சன் ஆகிய இருவரும் வேல்ஸில் பிறந்த தாத்தாக்களின் பெயரால் அணியில் இருந்தனர். ஆராய்ந்தபோது அந்தத் தாத்தாக்கள் வேல்ஸில் பிறக்கவில்லை என்று தெரிந்தது. சின்கின்சனின் தாத்தா பிறந்தது இங்கிலாந்தின் ஓல்டம் நகரில். அதே வேளையில் ஸ்காட்லாந்து அணியின் டேவிட் ஹில்டனும் சிக்கினார். அவருடைய தாத்தா எடின்பரோவில் பிறந்தவர் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. பதிவேடோ பிரிஸ்டல் என்றது. ஹில்டன் கதையில் எனக்கு அனுதாபம் உண்டு. வீட்டில் பேசப்படும் ஊர்ப்பெயருக்கும் பதிவேட்டில் கிடக்கும் ஊர்ப்பெயருக்கும் உள்ள தூரம் நம் குடும்பங்களுக்குப் புதிதா என்ன?

வசிப்பு விதியும் பத்திரத்திற்குத் தப்பவில்லை. 2023 உலகக் கிண்ண ரக்பிக்குத் தகுதி பெற்றிருந்த ஸ்பெயின், 2022 ஏப்ரலில் அந்த வாய்ப்பை இழந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கேவின் வான் டென் பெர்க் ஸ்பெயினில் தேவையான காலம் வசித்ததாகக் காட்டக் கொடுக்கப்பட்ட கடப்பிதழ் நகல் திருத்தப்பட்டிருந்தது. ஸ்பெயினின் புள்ளிகள் வெட்டப்பட்டன. அதன் இடத்தில் ருமேனியா பிரான்ஸுக்குப் போனது. ஒரு நகல் தாளுக்கு ஓர் அணியின் பல ஆண்டு உழைப்பு விலையாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2025 ஜூன் 10ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்து புதிதாகக் குடியுரிமை பெற்ற எழுவர்மீது அதன்பின் புகார் எழுந்தது. இவர்களின் தாத்தா பாட்டிகள் பினாங்கு, மலாக்கா, ஜொகூர், சரவாக் ஆகிய இடங்களில் பிறந்தவர்கள் என்று பத்திரங்கள் கூறின. ஃபிஃபா அந்தந்த நாடுகளின் பதிவேடுகளிலிருந்து மூலப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தது. மலாக்கா என்றிருந்த இடத்தில் ஹேக் நகரம் இருந்தது. கூச்சிங் என்றிருந்த இடத்தில் ஸ்பெயினின் குவெர்னிக்கா இருந்தது. செப்டம்பர் 26 அன்று மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும் விதிக்கப்பட்டன. சங்கம் இதனை நிர்வாகப் பிழை என்றது. ஆட்டக்காரர்கள் அறியாதவர்கள் என்றும் வாதாடியது. நவம்பர் 3 அன்று ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழு அதனை நிராகரித்தது. வழக்கு பின்னர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தின் படியேறியது.

அத்தீர்ப்பில் நம்மை நிறுத்தி வைக்கும் ஒரு பகுதி உண்டு. கையால் எழுதப்பட்ட மூலப் பிறப்புப் பத்திரங்கள் தேசியப் பதிவிலாகாவிடம் வந்து சேரவில்லை என்றும், வேறு வழியில் கிடைத்த தகவல்களையும் ஆவணங்களையும் கொண்டே அதிகாரபூர்வ நகல்கள் வழங்கப்பட்டன என்றும் ஃபிஃபா குறிப்பிட்டது. மேலும், நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின்படி வெளிநாட்டவர் ஒருவர் குடியுரிமை பெற, 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கு வசித்திருக்க வேண்டும். மலாய்மொழியும் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த எழுவருக்கும் வசிப்புக் காலம் அமைச்சரின் சிறப்பதிகாரத்தால் தளர்த்தப்பட்டது என்று உள்துறை அமைச்சர் 2025 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

பகாவில் இதே கேள்வி

இனி அதே தாத்தாவைப் பகாவ் தோட்டத்து லயத்தில் பிறந்தவராக வைத்துப் பார்ப்போம். அவர் பிறந்த ஆண்டு எது என்பதைப் பொறுத்து அவருக்கு மூன்று விதி.

சுதந்திரத்திற்கு முன் பிறந்தவர் என்றால், இம்மண்ணில் பிறந்ததாலேயே அவர் குடிமகனாகிவிடவில்லை. 1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்குள் அடங்காதவர்கள், மெர்டேக்காவிற்குப் பின் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. முதல் ஓராண்டிற்குள் விண்ணப்பித்தால் மொழித்தேர்வு இல்லை என்ற சலுகையும் தரப்பட்டது. காலையில் பெரட்டுக்கு நின்று, மாலைவரை மரம் சீவிய மனிதருக்கு இந்தச் செய்தி எத்தனை தூரம் போய்ச் சேர்ந்திருக்கும்? சேர்ந்தவர்கள் நீல அட்டைக்காரர்கள் ஆனார்கள். சேராதவர்கள் பலர் சிவப்பு அட்டையோடு நிரந்தரவாசிகளாக நின்றுவிட்டார்கள்.

1957 ஆகஸ்டு 31க்குப் பின், 1962 அக்டோபருக்கு முன் பிறந்தவர் பாக்கியசாலி. அந்த ஐந்தாண்டுகளில் இம்மண்ணில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோர் யாராயினும், குடியுரிமை பிறப்பிலேயே வந்தது. தோட்டத்தில் அண்ணனுக்கு ஒரு நிற அட்டையும் தம்பிக்கு வேறு நிற அட்டையும் இருக்கும் புதிரின் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

அதன்பின் பிறந்தவருக்கு மண் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. (நிரந்தரவாசி என்ற சொல்லை இதிலிருந்து நீக்கும் திருத்தத்தை மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது.) இதற்குள் இன்னொரு முள் மறைந்திருக்கிறது. திருமணப் பந்தத்திற்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை கணக்கில் வராது. தாயின் நிலையே கணக்கு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த பிறகு, பதிவு செய்யப்படாத திருமணம் சட்டத்தின் முன் திருமணம் ஆகாது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊரைக்கூட்டித் தாலி கட்டியிருக்கலாம், விருந்தும் போட்டிருக்கலாம். பதிவாளர் கையெழுத்து இல்லையென்றால், நீல அட்டை வைத்திருக்கும் அப்பாவின் பிள்ளை நாடற்ற பிள்ளையாகிவிடக் கூடும்.

மூன்று கற்பனை எடுத்துக்காட்டுகள்

விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று காண, உண்மையில் இல்லாத மூன்று இளைஞர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவன் பகாவில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். அப்பா குடிமகன், அம்மாவிடம் எந்த நாட்டின் அட்டையும் இல்லை, கோயில் திருமணம் மட்டுமே நடந்தது. இவனுக்குக் குடியுரிமை இல்லை. ஆகவே எத்தனை கோல் அடித்தாலும் ஃபிஃபா விதிப்படி ஹரிமாவ் மலாயா சட்டை இவனுக்கு இல்லை. ஆனால் ரக்பியின் 8ஆம் ஒழுங்குவிதியைப் புரட்டினால், முதல் வாசலிலேயே இவன் உள்ளே போய்விடுகிறான். மலேசியாவில் பிறந்தவன், போதும்! நாடு ஏற்காதவனை நாட்டின் அணி ஏற்கலாம் என்கிறது விதி. நடைமுறை வேறு. கடப்பிதழ் இல்லாதவன் வெளிநாட்டு ஆட்டத்திற்கு விமானம் ஏற முடியாது. எழுவர் ரக்பி 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒலிம்பிக் சாசனத்தின் 41ஆம் விதியோ குடியுரிமை கேட்கிறது. அப்படியானால் அவன் ஆடக்கூடியது சொந்த மண்ணில் நடக்கும் பதினைவர் ஆட்டம் மட்டும்.

இரண்டாமவள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா 1950இல் கெடிஸ் தோட்டத்தில் பிறந்தவர். இவள் பகாவைப் பார்த்ததே இல்லை. ஆயினும் மலேசிய மகளிர் ரக்பி அணிக்கு நாளையே தகுதியுடையவள். காற்பந்துக்கு வர வேண்டுமானால் மலேசியக் குடியுரிமை பெற வேண்டும். இரட்டைக் குடியுரிமையை மலேசியா ஏற்பதில்லை என்பதால் ஆஸ்திரேலியக் கடப்பிதழை விட வேண்டும். அதைச் செய்துவிட்டால் ஃபிஃபா தாத்தாவின் பத்திரத்தை ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாமவன் சேலத்துக்காரன். 1968இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது. அதன் விளைவாகச் சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். இவனுடைய அப்பா 1960இல் பகாவில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் அப்படிப் போனவர். நம்மை விட்டுப் போன அந்தக் குடும்பத்தின் பிள்ளை, பெற்றோர் பிறந்த நாடு என்ற முறையில், இன்று மலேசிய ரக்பி அணிக்குத் தகுதியுடையவன். அந்த அப்பா பிறந்த தேதியைப் பாருங்கள்: மேலே சொன்ன ஐந்தாண்டு இடைவெளிக்குள் அடங்குகிறது. அப்பாவும் அன்று இந்நாட்டுக் குடிமகனாகவே கப்பலேறியிருக்கிறார்.

நீல அட்டையுள்ள பகாவ் இளைஞன் எதிர்த்திசையில் போக முடியுமா என்றும் கேட்கலாம். முசிறியில் பிறந்த பாட்டியின் பத்திரம் இருந்தால் உலக ரக்பி விதி அவனை இந்திய அணிக்கு அனுமதிக்கும். ஆனால் இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்களே இந்தியாவுக்கு ஆடலாம் என்று இந்திய அரசு 2008இல் முடிவு செய்துவிட்டது. உலக அமைப்பு திறந்த கதவை நாடு தன் பக்கத்திலிருந்து சாத்திக்கொள்ளலாம் என்பதற்கு இது சான்று. அம்மா வழியில் இந்தியத் தொடர்புள்ள ஆஸ்திரேலியக் காற்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸ், 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்துதான் இந்திய அணிக்குள் வர முடிந்தது.

இவற்றுள் நியாயமான விதி எது? பேரப்பிள்ளைக்கு உரிமை தருவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். புலம்பெயர்ந்த இனத்துக்காரன் அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் பகாவில் பிறந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்தவன் ஒரு பக்கம், தாத்தாவின் தாளைக் கையில் வைத்திருப்பவன் ஒரு பக்கம் என்றால், முதலாமவனை முதலில் பார்க்கும் ரக்பி விதிதான் மனிதருக்கு நெருக்கமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் தோட்டத்துப் பிள்ளைகள் வளர்ந்தது ரக்பியோடு அன்று, காற்பந்தோடு. 1921இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை இந்நாட்டுக்குக் கொடுத்தார்கள். காற்பந்துக் கிண்ணம் மலேசியக் கிண்ணமாகித் தோட்டம்வரை வந்தது. ரக்பிக் கிண்ணம் விடுதிப் பள்ளிகளையும் மன்றங்களையும் படைமுகாம்களையும் தாண்டி அதிகம் வரவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனையும், வலைகாத்த ஆர். ஆறுமுகத்தையும், 2010 சுசுகி கிண்ணத்தை வென்ற அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபாலையும் தந்தது காற்பந்துத் திடல்தான்.

பெயர்ச் சங்கிலி

இறுதியாக, விதியை நிரூபிக்கும் வேலை. தாத்தா வழித் தகுதிக்கு மூன்று பிறப்புப் பத்திரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்: ஆட்டக்காரருடையது, பெற்றோருடையது, தாத்தாவுடையது. ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் மூன்றிலும் தொடர்ந்து வரும். நமக்கு அப்படியில்லை. பேரன் பெயரோடு அப்பா பெயர் மட்டுமே இருக்கும். தாத்தா பெயரைக் காண அப்பாவின் பத்திரத்திற்குப் போக வேண்டும். நடுவில் உள்ள ஒரு தாள் தொலைந்தால் சங்கிலி அறுந்தது. அந்தத் தாளிலும் முனியாண்டி ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டப்பட்டிருப்பார். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. அம்மா வழியில் தேடினால் சிக்கல் இன்னும் கூடும். தோட்டத்தில் பாட்டிமார்களுக்கு வீட்டுப்பெயர் ஒன்று, பெரட்டுப் புத்தகத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்பது சாதாரணம்.

தாத்தா கையில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஃபிஃபா விதி பெற்ற தாய் தந்தையரின் வழியையே சொல்கிறது. அக்காள் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்ப்பதும், பத்திரத்தில் தன் பெயரையே தந்தை பெயராகக் கொடுத்துவிடுவதும் தோட்டத்தில் அன்பினால் நடந்தவை. அப்படிப்பட்ட பத்திரம் பள்ளியில் சேர்க்க உதவியிருக்கும். ஆனால் ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதைக் கையில் எடுத்தால், மலாக்காவுக்குப் பதிலாக ஹேக் நகரத்தைக் கண்டுபிடித்த அதே கண்ணோடுதான் படிக்கும்.